ஆவண மின்னாக்கத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த மின்னாக்கப் பணி நிறைவடைந்தது. கட்டுக் கட்டாக அடைந்து கிடந்த பதிவேடுகளையும் கடிதங்களையும் வரைபடங்களையும் இனிக் கணினியில் தேடிப் படிக்கலாம்.

உழைப்பின் பெரும்பகுதி படம் பிடிப்பதற்கு முன்பே செலவானது. துருவேறிய குண்டூசிகளைக் கழற்றி, மடிப்புகளைப் பிரித்து, மென்தூரிகையால் தூசி நீக்கி, ஒவ்வொரு தாளுக்கும் அடையாள எண் கொடுத்தோம். தாளைத் தானே உள்ளிழுக்கும் ஸ்கேனர் விரைவானது. நொறுங்கும் தாளுக்கு அது எமன். ஆகவே அதைத் தொடவில்லை. தைத்த பதிவேடுகளை முழுக்க விரிக்காமல் தாங்கியில் சாய்த்து வைத்து, மேலிருந்து படமெடுத்தோம்.

மூலப்படிகள் அங்குலத்துக்கு 400 புள்ளிகள் என்ற அடர்த்தியில், சுருக்கப்படாத டிஃப் (TIFF) படக் கோப்புகளாக உள்ளன. ஏ4 தாள் ஒன்றின் வண்ணப்படம் ஏறத்தாழ 46 மெகாபைட் பிடிக்கும். கோப்பின் அளவைச் சுருக்கும் ஜேபெக் (JPEG) படவடிவம் போதாதா என்று பலர் கேட்டீர்கள். அந்தச் சுருக்கத்தில் போன நுணுக்கம் திரும்பாது. பிறகு நலிந்த தாளைத்தான் மறுபடி வெளியே எடுக்க வேண்டிவரும். படிப்பதற்கான படிகளை, நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் தரமான பிடிஎஃப்/ஏ (PDF/A) வடிவில் தனியே தந்திருக்கிறோம்.

எங்களுக்கு மிகுந்த நிறைவளிப்பது விவரக்குறிப்புப் பணி. எழுதியவர், பெற்றவர், தேதி, பொருள் ஆகியவை குறிக்கப்படாத படம், கோப்புக் குவியலில் தொலைந்த தாள்தான். அச்செழுத்துகளை எழுத்துணரி மென்பொருள் ஓரளவு படித்தது. கூட்டெழுத்தும் சுருக்கக் குறிகளும் நிறைந்த கையெழுத்தைப் பழைய எழுத்து அறிந்தவர்கள்தாம் வரி வரியாகப் படித்துத் தந்தார்கள். அவர்களுக்கு இந்தக் குழு என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தேதியில்லாத கடிதங்களுக்கு நாங்கள் ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் இட்டிருக்கிறோம். தனிநபர் அந்தரங்கம் அடங்கிய தாள்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

கோப்புகள் மூன்று படிகளாக, வன்தட்டிலும், கணினித் தரவைச் சேமிக்கும் எல்டிஓ (LTO) வகைக் காந்த நாடாவிலும் இருக்கின்றன. ஒரு படி வேறு கட்டடத்தில் உள்ளது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஷா-256 (SHA-256) என்ற முறையில் சரிபார்ப்பு எண் கணித்துப் பதிந்திருக்கிறோம். கோப்பில் தரவின் மிகச் சிறிய அலகான பிட் ஒன்றே ஒன்று மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பழுதான படியை நல்ல படியிலிருந்து மீட்கலாம். ஆனால் யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பழுது தெரியும்! நாடா நன்றாக இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி மறைந்துவிடலாம்: எல்டிஓ எட்டாம் தலைமுறைக் கருவியால் ஆறாம் தலைமுறை நாடாவைப் படிக்க முடியாது.

ஆகவே ஆண்டுதோறும் சரிபார்க்கவும், உரிய காலத்தில் புதிய நாடாவுக்கு மாற்றவும் நிலையான நிதி ஒதுக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். அலமாரி இடத்துக்காக மூலத்தாள்களைக் கழித்துவிடலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. அவை அமிலமற்ற பெட்டிகளில் எண் வரிசைப்படி வைக்கப்பட்டுள்ளன. சாவியும் பட்டியலும் செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டன.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்