முடியாத ரதங்களுக்கும் ஒரு பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மாமல்லபுரம் பயணக் கட்டுரையைப் படித்தேன். கடற்கரைக் கோயில், பாறையைக் கோயிலாகச் செதுக்கிய ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு என்கிற பாறைச் சிற்பம், வெண்ணெய் உருண்டை, சாயங்காலம் கடலோரத்தில் வறுத்த மீன் என்று ஒரு நாளுக்கு வேண்டியதைக் கட்டுரையாளர் அழகாகக் கோர்த்திருந்தார். ஒரே ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது. வேலை முடியாமல் நின்றுபோன குகைகளும் ரதங்களும் அந்த ஊரில் நிறைய உண்டு, அவற்றை விட்டுவிட்டால் நேரம் மிச்சம் என்று எழுதியிருக்கிறார். நேரம் போதாவிட்டால் வெண்ணெய் உருண்டையை விடுங்கள் என்பேன் நான். அது வெயிலும் மழையும் உருட்டி வைத்த பாறை. தள்ளுகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஆந்திராவில் இருக்கிற குப்பம் ஊருக்குப் பக்கத்துக் கல் குவாரிகளில் வேலை செய்து மேஸ்திரியாக ஓய்ந்தவன் நான். ‘குப்பம் கிரீன்’ என்று கப்பலேறிப் போகிறதே, அந்தப் பச்சைக் கல் எங்கள் பூமியில் எடுப்பது. உளியும் சம்மட்டியும் மட்டும் இருந்த நாளில் சேர்ந்தேன்; கம்ப்ரசர் வந்தது, வைரக் கம்பி ரம்பம் வந்தது, நான் வீட்டுக்கு வந்தேன். ஆந்திராவில் இருந்தாலும் எங்கள் வீட்டில் தமிழ்தான். கடைத்தெருவில் தெலுங்கு, ரயிலேறி பங்காரப்பேட்டை போனால் கன்னடம்.

தை மாதம் மகள் குடும்பத்தோடு வேனில் போனோம். வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று வழி. ரதங்களைப் பார்க்கத் தலைக்கு 40 ரூபாய் நுழைவுச் சீட்டு. 15 வயதுக்குக் கீழே இலவசம் என்பதால் பேத்திக்குச் சீட்டு இல்லை. அவள் தெலுங்கு மீடியம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வழிகாட்டி பீமன் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, தர்மராஜ ரதத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, “தாத்தா, இதை மேல இருந்து செதுக்கிட்டு வந்தாங்களா, கீழ இருந்தா?” என்று கேட்டாள். (பாண்டவருக்கும் இந்த ரதங்களுக்கும் சம்பந்தமில்லை, பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள் என்பதை வழிகாட்டியே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கதையை விடவில்லை. அவர் பிழைப்பு அது.)

பதில் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. உச்சியில் சிகரம் முடிந்திருக்கிறது. மேல் தளங்களில் மாடங்களும் தெய்வ உருவங்களும் அத்தனை நேர்த்தி. கீழே இறங்க இறங்க வேலை சொரசொரப்பாகிறது. தரைத்தளத்தில் உள்ளே குடைய வேண்டியது குடையாமல் நிற்கிறது. மேலிருந்து வந்தால் சாரம் கட்ட வேண்டாம், இன்னும் வெட்டாத பாறையே நிற்க இடம் கொடுக்கும். தெறிக்கிற சில்லு விழுந்து கெட்டுப்போக, கீழே முடித்த வேலை என்று ஒன்றும் இருக்காது. ஐந்தில் அந்த வரிசையில் உள்ள நான்கு ரதங்களும் தெற்கே உயர்ந்து வடக்கே தாழ்ந்த ஒரே பாறையில் வந்தவை. உயரம் கிடைத்த இடத்தில் தர்மராஜ ரதம், தாழ்ந்துபோன கோடியில் ஓலை வேய்ந்த குடில் வடிவில் திரௌபதி ரதம். அந்தக் காலத்துச் சிற்பி கல்லைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறான். நாங்களும் குவாரியில் அதைத்தான் செய்வோம். நாங்கள் சதுரமாக அறுத்து லாரியில் ஏற்றினோம், அவன் கோயிலாக்கினான். வித்தியாசம் அங்கே.

குன்றுப் பக்கம் வேலை முடியாத ஒரு குகை முன்னால்தான் நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். மருமகனுக்குப் பசி, வேன் டிரைவருக்கு அவசரம். பாறை முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. கடலை மிட்டாய்க்குக் கத்தியால் கோடு போட்டு வைப்பார்களே, அப்படி. குறுக்கும் நெடுக்கும் உளியால் பள்ளமாக வரி வெட்டி, நடுவில் சதுரச் சதுரமாக மேடு விட்டிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு மேட்டையும் பக்கவாட்டில் அடித்துப் பெயர்த்து எடுக்க வேண்டும். ஒரு சுற்று எடுத்தால் பாறை ஒரு சாண் உள்ளே போகும்; மறுபடி கோடு, மறுபடி வரி. சில மேடுகள் பெயர்ந்திருந்தன, சில அப்படியே நின்றன. அடுத்து எந்த மேட்டில் அடித்திருப்பான் என்று பேத்திக்கு விரல் வைத்துக் காட்ட முடிந்தது. வரிக்குள்ளே உளி முனை பட்ட புள்ளிகள் ஒரே சாய்வில் போகின்றன. இப்படிப்பட்ட கல்லில் அடித்தால் உளி சீக்கிரமே மழுங்கிப்போகும். காய்ச்சித் தட்டித் தோய்த்துக் கொடுக்கப் பக்கத்திலேயே கொல்லன் இருந்தாக வேண்டும். அந்தக் குன்றடியில் அணையாமல் உலை எரிந்திருக்கும். அந்த உலைக்காரனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அங்கே நான் பார்த்த அறிவிப்புப் பலகைகளில் எந்த அரசர், எந்தச் சாமி, எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் இருந்தது. அதிலும் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. பெரும்பாலான ரதங்களும் குகைகளும் முதலாம் நரசிம்மவர்மன் (630–668) காலத்தவை என்பவர்கள் ஒரு பக்கம். எல்லாமே பின்னால் வந்த பல்லவ அரசன் ராஜசிம்மன் செய்தது என்பவர்கள் இன்னொரு பக்கம். அந்த வழக்கு எனக்கு வேண்டாம். எப்படிச் செய்தார்கள் என்பதற்கும் ஒரு வரி இருந்தால் என்ன? விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டுக் குகையில், நரசிம்மவர்மனின் அப்பா மகேந்திரவர்மன் தன் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சுதை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை ஆக்கினேன் என்று பெருமையாக வெட்டி வைத்திருக்கிறான். கட்டுமானத்தில் இரும்பு இல்லை, சரி. வெட்டிய கையில் இரும்பு இருந்ததே!

அர்ச்சுனன் தபசில் எல்லாரும் யானையையும் தவம் செய்கிற பூனையையும் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்குக் கண் போனது நடுப் பிளவில். எங்கள் குவாரியில் கல்லில் விரிசல் கண்டால் விலை போய்விடும், ஓரமாகத் தள்ளிவிடுவோம். இவர்கள் அந்தப் பிளவையே கங்கையாக்கி அதில் நாகர்களை நீந்த விட்டிருக்கிறார்கள். இதே காட்சியை இன்னொரு பாறையிலும் செதுக்கத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருக்கிறார்கள், அதே ஊரில். இரண்டையும் பார்த்தால், முடிந்த யானை ஒரு காலத்தில் எப்படி வெறும் புடைப்பாக இருந்திருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அதன் முன்னால் எங்கள் குடும்பம் தவிர ஒருவரும் இல்லை.

ஊரின் மேற்கே கால்வாய்ப் பக்கம் பிடாரி ரதங்கள் இரண்டும் வலையன்குட்டை ரதம் ஒன்றும் இருக்கின்றன. மூன்றும் முடியாதவை. மேலே விமானம் தெளிவாக இருக்கும், இடுப்புக்குக் கீழே வெறும் பாறை. நாங்கள் கேட்ட ஆட்டோக்காரருக்கு அவை எங்கே என்று தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் வழி காட்டினார். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட ஊரில் இந்த நிலை.

கேட்பது பெரிய காரியம் இல்லை. தொல்லியல் துறை இந்த முடியாத வேலைகளின் முன்னால், கோடு போட்டது முதல் மெருகு ஏற்றியது வரை படிப்படியாகப் படம் வரைந்த பலகை வைக்கட்டும், முதலில் தமிழில். அதே ஊரில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. மாணவர்களைக் கொண்டு ஒரு தனிப் பாறையில் கட்டம் போட்டு, வரி வெட்டி, பாதி மேடு பெயர்த்து, பாதி விட்டுக் காட்டி வைக்கலாம். வருகிற பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பல்லவர் வேலையைத் தொடாமல் இருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரதங்களுக்குப் போகிற சாலையில் சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. பையன்கள் மின்சார அறுப்பானில் கருங்கல்லை அறுக்கிறார்கள். வெள்ளைப் புகையாகத் தூசு எழும்புகிறது. பாதிப் பேர் முகத்தில் துணிகூட இல்லை. கல் தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், வந்தால் திரும்பாது. என்னோடு குவாரியில் நின்றவர்களில் இருமி இருமியே போனவர்கள் உண்டு. கல்லை நனைத்துக்கொண்டே அறுத்தால் தூசு பெருமளவு அடங்கும். அந்தக் கூடங்களுக்குத் தண்ணீர்க் குழாயும் நல்ல முகமூடியும் ஏற்பாடு செய்ய யாராவது முன்வந்தால் புண்ணியமாகப் போகும். இதைப் பற்றியும் உங்கள் நிருபர் ஒருவர் எழுதலாம்.

கட்டுரையாளர் மறுபடி அந்தப் பக்கம் போனால், முடியாத குகைகளுக்கு சாய்வு வெயில் விழும்போது போகட்டும். உச்சி வெயிலில் உளித் தடம் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல் குவாரி மேஸ்திரி,
குப்பம், ஆந்திரப் பிரதேசம்.