நம் குளத்து மீனும் பெர்லின் ஓவியமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அயல்நாட்டு விலங்குகளின் பழைய வண்ண ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஜெர்மன் ஓவியர் மரியா சிபில்லா மேரியன் 1699-ல், 52 வயதில், மகளையும் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவில் உள்ள சுரிநாம் போய்ப் புழுவையும் பூச்சியையும் உயிரோடு பார்த்து வரைந்த கதை மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு குறை, காவிரிக் கரையைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

எங்கள் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் காலத்தில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், இங்கு கிடைத்த மீன்களைச் சாராயத்தில் ஊறப்போட்டுக் கப்பலேற்றி பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவந்தார். பிளாக் வெளியிட்ட மீன் நூலில் மொத்தம் 432 படங்கள், எல்லாவற்றுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நம் விராலுக்கும் குரவைக்கும் 1793-ல் அறிவியல் பெயர் வைத்ததும் அவர்தான். கத்தாழை மீன் இனத்துக்கு ஜானின் பெயரையே வைத்துவிட்டார். நம் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் அதே ஜான்தான் இருக்கிறார்.

சாராயத்தில் கிடந்த மீனுக்கு நிறம் நிற்காது. சேற்றில் துள்ளும் குரவையின் பச்சையும் பழுப்பும் கலந்த மினுக்கத்தைப் பெர்லினில் உட்கார்ந்து வரைந்தவர் எங்கே பார்த்திருப்பார்? அதை நினைத்துத்தான், நம் ஊரிலேயே இருந்து வரைந்தவர்கள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம். தஞ்சையில் சரபோஜி மன்னர் தம் ஓவியர்களை வைத்துப் பறவைகளையும் விலங்குகளையும் வரைய வைத்தார், அதில் ஒரு தொகுப்பு இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மன்னர் பெயர் தெரிகிறது, அதைப் பெற்றுக்கொண்ட கம்பெனி அதிகாரி பெயர் தெரிகிறது, தூரிகை பிடித்தவர் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

அப்புறம் பனையேறிக் கெண்டை. 1791-ல் தரங்கம்பாடியில் ஒரு குளத்தங்கரைப் பனைமரத்தில், தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் அந்த மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியதை லண்டனில் படித்தவர்கள் ஆச்சரியப்பட்டுப் போனார்களாம், நம் ஆட்களோ அதற்கு முன்பே அதன் பெயரில் பனையை ஏற்றி வைத்துவிட்டார்கள்! அவர்களுக்கு அதிசயப் பிராணி, நமக்கு மழை பெய்தால் வரப்பில் ஊர்ந்து வரும் மீன்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். இந்தப் படங்களின் நகல்களைத் தரங்கம்பாடி கோட்டையிலும் சரஸ்வதி மகாலிலும் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்ட வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் லத்தீன் பெயருக்கு முன்னால் நம் மீனவர்களும் உழவர்களும் சொல்லும் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வயதானவர்கள் இன்னும் எங்கள் கடலோரத்தில் இருக்கிறார்கள். உங்கள் நாளிதழ் வாரம் ஒரு படமாகப் போட்டுத் தொடங்கினால் முதல் ஆளாக நான் வெட்டி ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொறையாறு