கைப்பையில் பவர் பேங்க்: வாயிலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

குறைந்த கட்டண விமானத்தில் போகிறவர்கள் நேரத்தையும் கைப்பையையும் கவனிக்க வேண்டும். அங்கே ஒரே விமானம் தினமும் பல நடை பறக்கிறது. தரையிறங்கி மீண்டும் கிளம்ப அரை மணி நேரம்தான். காலைத் தாமதம் மாலைவரை தொடரும். ஆகவே முதல் விமானமே நல்லது.

கைப்பையில்தான் பலர் சிக்குகிறார்கள். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் அளவு. அளவு மீறி, விமானம் ஏறும் வாயிலில் பிடிபட்டால் கட்டணம், இணையத்தில் முன்கூட்டிக் கட்டுவதைவிட அதிகம். இருக்கைக்கு மேலே இடமில்லை என்று பையைச் சரக்கறைக்கு அனுப்பும்போது பவர் பேங்கை வெளியே எடுக்க மறந்துவிடாதீர்கள். அதிலுள்ள லித்தியம் பேட்டரி அங்கே தீப்பிடித்தால் எட்டி அணைக்க ஆளில்லை. பொதுவாக 100 வாட்-மணி (Wh), அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். (mAh) வரை மின்சாரம் சேமிக்கும் பவர் பேங்கைக் கையோடு கொண்டுபோகலாம். வாயிலில், சரக்கறைக்குப் போகும் பையில் அடையாளச் சீட்டுக் கட்டும் ஊழியர், பவர் பேங்க் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்