சீன எழுத்தும் கட்டம் போட்ட நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு மொழி படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு யோசனை சொல்லி, போன ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஜெர்மன், ஜப்பான் என்று நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார் கட்டுரையாளர். சீனத்துக்கு வந்ததும், எழுதிப் பழகி நேரத்தை வீணாக்க வேண்டாம், போனில் தட்டினால் எழுத்து தானாக வந்துவிடும், நல்ல கையெழுத்து பிறவியிலேயே அமைய வேண்டியது என்று நாலு வரியில் முடித்துவிட்டார். முதலில் சொன்னதையாவது விட்டுவிடலாம். அந்தப் ‘பிறவி’ சமாசாரத்தைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர். என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு மளிகை மொத்தக்கடையில் கணக்குப் பார்த்தார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை நானும் அங்கேதான் இருந்தேன். எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு சீன அம்மா. சீனப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை ‘லாவ்ஷி’ என்றுதான் கூப்பிடும், நாம் டீச்சர் என்கிற மாதிரி. வீட்டில் பேசுவது ஹொக்கியன் என்ற வட்டாரச் சீனம், பள்ளியில் சொல்லிக்கொடுத்தது மாண்டரின் என்ற பொதுச் சீனம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வரும்போது நமக்கு முன்னால் தேங்காயோடு நிற்பவர். கடைக்கு வருகிற சீன பில்லைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று அவரிடம் போய் உட்கார்ந்தேன். படிப்பதெல்லாம் அப்புறம், முதலில் ஒழுங்காக உட்கார் என்றார்.

கேலி இல்லை, நிஜமாகவே அதுதான் முதல் பாடம். சீனப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மூன்று அளவு சொல்லிக்கொடுப்பார்கள். கண்ணுக்கும் தாளுக்கும் இடையில் ஒரு சீன அடி, அதாவது சுமார் 33 சென்டிமீட்டர். நெஞ்சுக்கும் மேசைக்கும் இடையில் ஒரு கைமுட்டி. பேனா முனைக்கும் விரலுக்கும் இடையில் ஒரு சீன அங்குலம், சுமார் 3.3 சென்டிமீட்டர். நம் பிள்ளைகள் பலர் முனையை ஒட்டியே பிடித்து, தாளில் மூக்கு உரச எழுதுகிறார்கள். அப்படிப் பிடித்தால் எழுதுகிற இடத்தை விரலே மறைத்துவிடும். பார்க்காமல் எழுதுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்த பாடம் ‘மூன்று’ என்ற எழுத்து. ‘ஸான்’ என்பார்கள். படுக்கையாக மூன்று கோடு, அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அச்சில் உள்ள எழுத்தை உற்றுப் பார்த்தால் மேல்கோடு நடுத்தரம், நடுக்கோடு குட்டை, அடிக்கோடு நீளம் என்று தெரியும். இடைவெளி இரண்டும் சமம். கோடுகள் தட்டையாகக் கிடக்காமல் வலப்பக்கம் ஒரு மயிரிழை ஏறியிருக்கும். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் பேனா ஒரு கணம் நின்று எடுக்கப்பட்டிருக்கும். இத்தனையையும் வாயால் சொல்லச் சொன்ன பிறகுதான் லாவ்ஷி பேனாவைத் தொட விட்டார். எழுதியதை மாதிரிக்குப் பக்கத்தில் வைத்து, எது பிசகியிருக்கிறது என்றும் நானேதான் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

நம்மூர்க் கைக்கு இந்த நின்று எடுப்பதுதான் கஷ்டம். ‘அ’வை ஆரம்பித்தால் வளைந்து வளைந்து ஒரே இழுப்பில் முடித்துப் பழகிய கை இது. வாய் என்று பொருள்படும் ‘கோ’ என்ற எழுத்து பார்க்கச் சின்னச் சதுரம்தான். நம்மவர்கள் அதைப் பேனாவை எடுக்காமல் ஒரே சுற்றாகச் சுற்றிவிடுவார்கள். உள்ளபடி அது மூன்று கோடு. இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒன்று. மேலே போய் வலப்பக்கம் மடங்கி இறங்குவது இன்னொன்று. கடைசியில் அடியை மூடுவது ஒன்று. அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடக் கொஞ்சம் குறுகியிருக்கும். சுற்றிவிட்டால் அந்தக் குறுகல் வராது, எழுத்து பொங்கிப்போய் நிற்கும்.

சரி, பொங்கினால்தான் என்ன, அழகு எதற்கு என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். அழகை விடுங்கள். குறுக்கே ஒரு செங்குத்துக்கோடும் இரண்டு படுக்கைக்கோடும் உள்ள ஒரு வடிவம் இருக்கிறது. அடிக்கோடு நீளமாக இருந்தால் அது மண். மேல்கோடு நீளமாக இருந்தால் படித்தவர், வீரர் என்று ஆள் ஆகிவிடும். கோட்டின் நீளத்தைக் கண்டுகொள்ளாமல் எழுதுகிறவர் மண்ணையும் மனிதரையும் ஒன்றாக்கிவிடுவார். தமிழில் ‘ர’வையும் துணைக்காலையும் ஒன்றுபோல எழுதிவிட்டு, படிப்பவர் தலையில் பொறுப்பைக் கட்டுவோமே, அந்த வேலை அங்கே செல்லாது.

போனில் தட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் போன் வரிசையாக எழுத்துகளைக் காட்டும், நாம் ஒன்றைத் தொட்டால் போதும். இந்த வசதியால் பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று சீனர்களே புலம்புகிறார்கள். 2013-ல் சீன அரசுத் தொலைக்காட்சி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் போட்டி வைத்து நாடு முழுக்க ஒளிபரப்பியது. அதற்கு முன்பே, 2011-ல் வந்த அவர்களுடைய மொழிப் பாடத்திட்டத்தில், தினமும் மொழி வகுப்புக்குள்ளேயே 10 நிமிடம் ஆசிரியர் மேற்பார்வையில் கையெழுத்துப் பழக வேண்டும் என்று சேர்த்தார்கள். வீட்டுப்பாடமாக இல்லை, வகுப்பிலேயே. கவனிக்க வேண்டியது அந்த 10 நிமிடத்தைத்தான்.

கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத இன்னொரு பலனும் உண்டு. அவசரமாக எழுதுகிற சீனர் கோடுகளைத் தனித்தனியாகப் போடுவதில்லை, ஒன்றோடு ஒன்று இழுத்துக் கோத்துவிடுவார். அதைப் படிக்க, எந்தக் கோட்டுக்குப் பிறகு எந்தக் கோடு என்பது தெரிந்திருக்க வேண்டும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், படுக்கைக்கோட்டுக்குப் பிறகு செங்குத்துக்கோடு, பெட்டிக்குள் எழுதிவிட்டுக் கடைசியில் மூடுவது என்று பெரும்பாலும் ஒரு முறை இருக்கிறது. எழுதிப் பழகிய கைக்கு இது தெரியும். தட்டியே பழகியவருக்குக் கடைக்காரர் எழுதிக் கொடுக்கிற துண்டுச்சீட்டுகூடக் கிறுக்கல்தான்.

எங்கள் வீதிப் பையன் ஒருவன் சீனாவில் மருத்துவம் படிக்கிறான். நம் பக்கத்திலிருந்து நிறையப் பிள்ளைகள் அப்படிப் போகிறார்கள். லீவுக்கு வந்தவன், “ஆச்சி, வார்டில பேசிச் சமாளிச்சுடுறேன். எழுதிக் குடுத்தா அந்த நர்ஸ் ரெண்டு தடவை திருப்பிப் பார்க்குது” என்றான். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான், உழைப்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ‘மிங்’ என்று ஒரு எழுத்து, வெளிச்சம் என்று பொருள். இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா. சூரியன் ஒடுங்கி, கொஞ்சம் மேலே தூக்கி நிற்க வேண்டும். நிலா நீண்டு கீழே இறங்க வேண்டும். இவன் இரண்டுக்கும் சரிபாதி இடம் கொடுத்திருந்தான், பாகப்பிரிவினை பண்ணுகிற மாதிரி. அந்த நர்ஸ் ஒரு எழுத்தைப் பார்த்தாளோ, இரண்டைப் பார்த்தாளோ!

பத்துப் பக்கம் எழுது என்று நான் சொல்லவில்லை. மிங் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். அச்செழுத்தை, நடுவில் கூட்டல் குறி போட்ட கட்டத்துக்குள் வைத்து, சூரியனின் அடி எந்த உயரத்தில் நிற்கிறது, நிலாவின் இடப்பக்கக் கோடு நடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று அவன் வாயாலேயே சொல்லவைத்தேன். பிறகு மாதிரியை மறைத்துவிட்டு எழுதினான். திறந்து ஒப்பிட்டான். பிசகிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் மறுபடி எழுதினான். அன்றைக்கு அவ்வளவுதான். இப்போது அங்கிருந்து வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு பக்கம் அனுப்புகிறான். சூரியன் ஒடுங்கிவிட்டது. நிலாவின் கொக்கி மட்டும் இன்னும் சோம்பலாகத் தொங்குகிறது.

‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்பதைக் கையெழுத்து என்றாலே எடுத்துவிடுவோம். கைக்கு முன்னால் கண் பழக வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. கண் பழகாமல் கையை மட்டும் ஓட்டினால், தப்பான வடிவம்தான் கையில் உறைந்துபோகும். இம்போசிஷன் எழுதி யாருக்காவது கையெழுத்து திருந்தியிருக்கிறதா? கடைசிப் பத்து வரியைப் பாருங்கள், முதல் வரியைவிட மோசமாக இருக்கும்.

காரைக்குடியில் ஒரு பயிற்சி நிலையத்தில் பள்ளம் வெட்டிய பயிற்சிப் புத்தகம் விற்கிறார்கள். எழுத்து தாளில் பள்ளமாக இருக்கும், பேனாவை உள்ளே ஓட்டினால் போதும். சிறிது நேரத்தில் மை மறைந்துவிடும், மறுபடியும் ஓட்டலாம். ஒரே மாதத்தில் முத்து முத்தான கையெழுத்து என்று போட்டு, நல்ல விலை வைத்திருக்கிறார்கள். என் தங்கச்சி தன் பேத்திக்கு அதை வாங்கிக் கொடுத்தாள், வெறும் தாளுக்கு வந்ததும் குழந்தை பழைய எழுத்துக்கே திரும்பிவிட்டது. பள்ளத்தில் ஓடும்போது கண் தூங்கிவிடுகிறதே. சீனப் பள்ளிகளிலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சிவப்பில் அச்சான எழுத்தின் மேல் எழுதவைப்பது உண்டுதான். ஆனால் அது தொடக்கத்துக்கு. மேலேயே எழுதுவது ஒன்று, பார்த்து எழுதுவது வேறொன்று என்று அவர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள். மறைகிற மையில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நேற்று எழுதியதை இன்று பார்க்க முடியாது.

எங்கள் மாமனார் சின்ன வயதில் பினாங்குக் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய இடத்தில், பெட்டியடிப் பையன் என்கிற எடுபிடியாகச் சேர்ந்தவர். மேலாள் பழைய பேரேட்டில் நல்ல எழுத்தாக ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, கால் மணி நேரம் பாரு, அப்புறம் எழுது என்பாராம். அவர் எழுதிய பேரேடுகள் இன்னும் எங்கள் இரண்டாம் கட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன. முதல் ஏட்டையும் பிந்திய ஏட்டையும் ஒரே ஆள்தான் எழுதினார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிறவியில் அமைந்ததாக இருந்தால் நடுவில் எப்படி மாறும்?

தூரிகை இல்லாமல் சாதாரணப் பேனாவில் எழுதுவதெல்லாம் கலையா என்று கேட்பவர்களும் உண்டு. சீனக் கையெழுத்துக் கலையை 2009-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அது தூரிகையைச் சுற்றி வளர்ந்த பாரம்பரியம், உண்மைதான். ஆனால் 1980-களில் பாங் சோங்ஹுவா என்பவர் பேனா எழுத்துக்கே பயிற்சிப் புத்தகம் எழுதி, தொலைக்காட்சியிலும் பாடம் நடத்தினார். அதிலிருந்து ‘கடினப்பேனா எழுத்துக்கலை’ என்று அது தனியாகவே வளர்ந்திருக்கிறது. பேனாவில் தூரிகையின் தடிமனும் மெலிவும் அவ்வளவாக வராது. கோட்டின் நீளம், சாய்வு, இடைவெளி இவற்றை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே போதும். காலையில் காப்பி குடித்துவிட்டு நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

பழக விரும்புகிறவர்களுக்குச் செலவு அதிகம் இல்லை. சீனப் பிள்ளைகள் எழுதும் நோட்டில், நடுவில் கூட்டல் குறி போட்ட கட்டங்கள் இருக்கும். இங்கே கடைகளில் அது கிடைக்காது, தேடவும் வேண்டாம். ஒன்றாம் வகுப்புக்கான பெரிய கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கி, நாலு கட்டத்தைச் சேர்த்துச் சிவப்புப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டால் அச்சு அசலாக அதேதான். பேனா, வழுக்குகிற பால்பாயிண்ட்டாக இல்லாமல் மைப்பேனாவாகவோ 0.5 ஜெல் பேனாவாகவோ இருக்கட்டும். எழுதுகிற தாளுக்கு அடியில் நாலைந்து தாள் வைத்துக்கொண்டால் முனை கொஞ்சம் அமுங்கும், நின்று எடுப்பது சுலபமாக வரும். தொடங்க ஸான், கோ, மிங், அப்புறம் ‘யோங்’. என்றென்றும் என்று பொருள்படும் இந்த யோங் ஐந்தே கோட்டில் முடிகிறது. ஆனால் கைக்குத் தெரிய வேண்டிய எட்டு அசைவும் அதற்குள் இருக்கிறது என்று சொல்லி, நூற்றாண்டுகளாக அதைத்தான் எழுதிப் பழகுகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் ஓர் ஓரமாக இந்த நாலு எழுத்தையும் கட்டத்துக்குள் வைத்து, கோடுகளுக்கு வரிசை எண் போட்டு வெளியிடுங்கள். பக்கத்தில் வெற்றுக் கட்டங்களும் விடுங்கள். மாதிரியை நானே எழுதி அனுப்பத் தயார். கட்டம் மட்டும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, உங்கள் தாளில் மை பரவுகிறது. பென்சிலால் எழுதவும் என்று கீழே ஒரு வரியும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகி