பெட்ரோல் மோட்டார்ஹோம் குலுக்குகிறதா, முதலில் எடை போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடு கட்டிய பெரிய வண்டி) பயணம் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது, படங்களும் பிரமாதம். ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் போகிறபோக்கில் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: பெட்ரோல் வண்டி என்றாலே குலுக்கல்தான், வாங்கினால் ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கிற ஸ்வே பார் எல்லாம் மாற்ற இன்னொரு தொகை தனியாக எடுத்து வையுங்கள், முடியாவிட்டால் டீசலுக்குப் போங்கள் என்று. நான் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். ஓய்வு பெற்ற நம்மவர்கள் சிலர் இந்த வண்டிகளைப் பழையதாக வாங்குகிறார்கள், என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதனால் இதை அப்படியே விட மனசில்லை.

குலுக்கல் உண்மைதான். இங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகிற ஐ-10 சாலையில், லூசியானாவின் அட்சஃபலாயா சதுப்பு நிலத்துக்கு மேலே சுமார் 29 கிலோமீட்டருக்குப் பாலமாகவே போகும். கான்கிரீட் இணைப்பு ஒவ்வொன்றிலும் முன்சக்கரம் தட்டும், பின்சக்கரம் தட்டும், அலமாரியில் தட்டுகள் சேர்ந்து தாளம் போடும், பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். பாலம் முடிகிறவரை இதேதான். ஆனால் ஏன் தட்டுகிறது என்று பார்க்காமல் பாகம் வாங்கச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இன்று பெரிய பெட்ரோல் மோட்டார்ஹோம் என்றால் அடியில் பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-53 சேஸிதான். ஃபோர்டு கொடுப்பது சட்டம், முன்னால் ஒரு இன்ஜின், அச்சு, சக்கரம், அவ்வளவுதான். மேலே வீட்டைக் கட்டுவது வின்னிபேகோ, தோர், டிஃபின் மாதிரி வேறு கம்பெனிகள். ஒருவர் லேசாகக் கட்டுவார், இன்னொருவர் பெரிய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வெளியே நகரும் அறை என்று ஏற்றிக்கொண்டே போவார். யார் எதைக் கட்டினாலும் தாங்க வேண்டும் என்பதால் முன்னும் பின்னும் லாரி மாதிரி ஸ்பிரிங் பட்டைதான் போட்டிருக்கிறார்கள். 24,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 10,900 கிலோ தாங்கும் சேஸியில் முன் அச்சு மட்டும் 9,000 பவுண்டு தாங்கும். உங்கள் வண்டியில் முன்னால் நிஜமாக இருப்பது 7,000 என்றால் அந்தப் பட்டை வளையவே வளையாது, சாலையின் அடி நேராக உங்கள் முதுகுக்கு வரும். காலி லாரி குதிக்கும், சுமை ஏற்றிய லாரி அலுங்காமல் போகும் என்பது நம்மூர் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. போதாததற்கு இந்த வண்டிகளுக்குப் பின் அச்சைத் தாண்டி நீளமான வால் வேறு. அங்கே நீங்கள் ஏற்றுகிற ஒவ்வொரு பெட்டியும் முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடும்.

டீசல் வண்டிகளில் இன்ஜின் பின்னால் இருக்கும், ஸ்பிரிங் பட்டைக்குப் பதில் காற்றுப் பைகள். சுமை கூடினால் பைக்குள் காற்று தானாகக் கூடும், குறைந்தால் குறையும், அதனால்தான் அந்தச் சுகம். சந்தேகமே இல்லை, அது மேல்தான். ஆனால் புது வண்டியில் விலை வித்தியாசம் ஒரு லட்சம் டாலரைக்கூடத் தாண்டும். அதைப் பத்தோடு பதினொன்றாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

சரி, பெட்ரோல் வண்டிக்காரர் என்ன செய்யலாம்? முதல் வேலை எடை மேடை. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கிற இடங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும், இருபது டாலருக்குள் வேலை முடிந்துவிடும். முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு அடுத்த தட்டில் நிற்கும்படி ஏற்றினால் சீட்டில் இரண்டும் தனித்தனியாக வரும். தண்ணீர், பெட்ரோல், ஆட்கள், சாமான் எல்லாம் பயணத்தன்று இருப்பது போலவே இருக்க வேண்டும். 75 கேலன் தண்ணீர் மட்டுமே 620 பவுண்டுக்கு மேல், காலி டாங்கியோடு எடை போட்டு என்ன பயன்? அப்புறம், அச்சு எடை மட்டும் போதாது, இடது வலது தனியாகவும் தெரிய வேண்டும், ஏனென்றால் சமையலறையும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கம் இருக்கிற வண்டிகள் நிறைய. சக்கரம் சக்கரமாக எடை போட்டுத் தரும் இடங்களும் உண்டு, டெக்சாஸில் லிவிங்ஸ்டன் ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற மோட்டார்ஹோம்காரர்கள் சங்கத்தார் இதைச் செய்கிறார்கள்.

அந்த எண் கையில் வந்த பிறகு டயர் கம்பெனியின் எடைப் பட்டியலைப் பாருங்கள். இந்த எடைக்கு இவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். ஒரே அச்சில் எந்தப் பக்கம் கனமோ அந்த எடைக்கான காற்றை இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் முழு எடைக்கானது. அதைப் பார்த்து அடித்துவிட்டு வண்டி கல் மாதிரி இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பாதிப் பேர். என் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. பழைய வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜின் எஃப்-53 வாங்கியவரிடம் இங்குள்ள ஒரு ஒர்க் ஷாப்பில் நாலாயிரம் டாலருக்குப் பாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள், எடை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடை போட்டு, டயர் கம்பெனியின் பட்டியலைப் பார்த்து முன் டயர் காற்றை இறக்கினார். டீசல் பஸ்ஸாக மாறிவிடவில்லைதான், ஆனால் ஸ்டீரிங்கில் வந்துகொண்டிருந்த அந்தக் கொட்டுகிற அதிர்வு போய்விட்டது. அந்த டயர் பட்டியலில் சொன்னதற்குக் கீழே மட்டும் யாரும் போக வேண்டாம், டயர் சூடேறி வெடிக்கும்.

கட்டுரையாளர் இன்னொன்றையும் குழப்பியிருக்கிறார். குலுக்கல் வேறு, ஆட்டம் வேறு. பெரிய லாரி தாண்டும்போது வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவது, வளைவில் சாய்வது, பின்பக்கம் வால் ஆட்டுவது எல்லாம் ஆட்டம். அதற்குத்தான் கனமான ஸ்வே பார், பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகிற டிராக் பார் எல்லாம். பல எஃப்-53களில் ஸ்வே பார் முனையில் இரண்டு துளைகள் இருக்கும், இணைப்பு வெளித்துளையில் மாட்டியிருக்கும். அதை உள்துளைக்கு மாற்றினால் நெம்புகோல் நீளம் குறைந்து பார் இன்னும் விறைப்பாகப் பிடிக்கும், ஸ்பேனர் இருந்தால் போதும், பைசா செலவில்லை. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும், அது தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதனால் குலுக்கல் குறையாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் அடி முன்னைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும். ஆட்டத்துக்கான பாகத்தை வாங்கி மாட்டிவிட்டு குலுக்கல் போகவில்லையே என்று திட்டுவதில் நியாயமில்லை.

நல்ல ஷாக் அப்சார்பர் வீண் என்று நான் சொல்லவில்லை. பழசு தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கோனி எஃப்எஸ்டி மாதிரியானவை சின்னச் சின்ன வேக அதிர்வுக்கு இளகிக் கொடுத்து, மெதுவான பெரிய அசைவுக்கு இறுக்கிப் பிடிப்பவை. எடையும் காற்றும் சரியான பிறகு அதைப் போட்டால் கொடுத்த காசு தெரியும்.

பழைய ஷெவர்லே பி30 சேஸியில் கட்டிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன், சுருள் ஸ்பிரிங், அதன் உள்ளே சின்னக் காற்றுப் பை. டயருக்கு இருப்பது போன்ற வால்வுதான் அதற்கும். பை ஓட்டையானது தெரியாமலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. முன்பக்கம் தாழ்ந்து ஒவ்வொரு மேட்டிலும் அடி வாங்குகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

கட்டுரையாளர் தன் வண்டியை எடை மேடையில் ஏற்றினாரா, முன் டயரில் எவ்வளவு காற்று வைத்து ஓட்டினார் என்று அடுத்த பகுதியில் எழுதச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் குறை சேஸியிலா, காற்றிலா என்று எங்களால் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்