ஃபிராங்கன்ஸ்டைன்: ஐந்தாம் அத்தியாயத்தைத் தாண்டியும் நடத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘விஞ்ஞானப் பேராசை அழிவில் முடியும்’ என்ற ஒற்றை வரியில் விஷயத்தை முடித்துவிட்டது. கல்லூரியில் இந்த நாவலை நடத்துகிறவள் நான். கைடுகளிலும் இதே வரிதான். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்; நாவலைத் திறப்பதே இல்லை.

ஐந்தாம் அத்தியாயத்தை வகுப்பில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நவம்பர் இரவு, மணி ஒன்று, ஜன்னலில் மழை. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற இளம் விஞ்ஞானி பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுத்த படைப்பு, மஞ்சள் கண்ணைத் திறக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஊண் உறக்கம் பாராமல் உழைத்த விக்டர், அறையை விட்டே ஓடுகிறான். அது அவனைத் தேடி வந்து, கட்டில் திரையை விலக்கி, ஏதோ சொல்ல வாயெடுத்துக் கையை நீட்டுகிறது. மறுபடியும் ஓடுகிறான். அதுவரை அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இதை எழுதத் தொடங்கியபோது, 1816-ல், மேரிக்கு வயது 18. அதற்கு முந்தைய வருடம்தான் தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார்.

அப்புறம், 11 முதல் 16 வரையிலான அத்தியாயங்கள். படைப்பே தன் கதையைச் சொல்லும் பகுதி. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் முதலில் அடிபடுவதும் இதுதான். காட்டுக் குடிசையில் வாழும் டி லேசி குடும்பத்தைச் சுவரிடுக்கு வழியாகப் பார்த்தே அது பேசக் கற்கிறது. அவர்கள் ஏழைகள் என்று தெரிந்ததும் உணவைத் திருடுவதை நிறுத்திவிட்டு, ராத்திரியில் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறது. பார்வையற்ற பெரியவர் அதனிடம் பரிவாகப் பேசுகிறார். மகன் வந்து பார்த்ததும் தடியால் அடிக்கிறான். விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியம், அதன் கையால் கொலையாவது இதற்குப் பிறகுதான். அந்தக் கொலைக்கு நான் சப்பைக்கட்டு கட்டவில்லை. ஆனால் 1931 ஹாலிவுட் படத்தில் குற்றவாளியின் மூளையைப் பொருத்தியதுபோல எதுவும் நாவலில் கிடையாது. படத்தை மட்டும் பார்த்த மாணவர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

பேராசையைப் பற்றியும் கேட்கலாம், சரி. அதற்கும் நாவலிலேயே இடம் இருக்கிறது. வடதுருவப் பனியில் சிக்கிய மாலுமிகள் ஊர் திரும்ப வேண்டும் என்கிறார்கள். படைப்பைத் துரத்திவந்து அந்தக் கப்பலில் சாகக் கிடக்கும் விக்டரோ, பின்வாங்காதீர்கள் என்று அவர்களை உசுப்பேற்றுகிறான். கேப்டன் வால்டன் கடைசியில் கப்பலைத் திருப்புகிறான், அதுவும் மனமில்லாமல். அவன் செய்தது சரியா என்று தேர்வில் ஒரு கேள்வி வைக்கலாம். மாணவர்கள் நாவலைப் படித்துவிட்டுத்தான் அதற்குப் பதில் எழுத முடியும்.

ஆங்கிலத்துறை ஆசிரியை,
மதுரை