சவூதியில் வாதி தவாசிரில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். தங்கச்சிக்கு செமஸ்டர் பணம் கட்டியாச்சு. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் மேலத்தெரு மாப்பிள்ளையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப்போடு.

அங்கே இப்போதே வெயில் 40-ஐத் தொட்டிருக்கும். உச்சி வேளையில் ஆடுகள் ஒன்றன் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டு நிற்கும் பார், அப்போது கிளப்பாதே. மேய்ச்சலை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள். தண்ணீர்த் தொட்டியைச் சாக்குப் போட்டு மூடு. கொதிக்கிற தண்ணீரை ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பார்லியை அளந்து போடு. மூட்டை அவிழ்ந்து கிடந்தால் முட்டத் தின்றுவிட்டு, வயிறு உப்பி, காலையில் காலை நீட்டிக் கிடக்கும். நீயும் தண்ணீர் குடி. காய்ச்சாத ஒட்டகப் பால் யார் கொடுத்தாலும் வேண்டாம்.

இதெல்லாம் நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்? நம் கிடையில் துள்ளுமாரி வந்தபோது ராத்திரி முழுக்க நின்றவன் நீ. கறுப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக நஜ்தி ஆட்டுப் படம் அனுப்பினாயே, டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன். டிரைவர் வேலை விஷயத்தை இப்போது கிளற வேண்டாம்.

அந்தப் படத்தோடு இன்னொரு படமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் நீயே அழித்துவிட்டாய். நான் எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை அந்தப் பக்கம் ரொம்ப வருஷம் இருந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார். சுலைய்யில் ஊருக்குத் தெற்கே உருக் பனி மஆரித் என்று ஒரு சரணாலயமாம். நீளக் கொம்பு வெள்ளை மான் 1972-இல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டதாம். அடைத்து வளர்த்துப் பெருக்கியதை 1995-இலிருந்து அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். ரீம் என்கிற மணல் மானையும் அப்படித்தான் விட்டார்களாம். அரிய உயிரைக் கொன்றால் 10 ஆண்டு வரை சிறை, 3 கோடி ரியால் வரை அபராதம். நம் காசில் எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கவே எனக்குக் கை வரவில்லை.

வாலில் முள் உள்ள அந்த தப் பல்லியைப் பிடிக்கப் போனதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். சரி, முயலுக்குக் கண்ணி வைத்த கை சும்மா இருக்காது, நம் வம்சமே அப்படித்தான். ஆனால் ஜீப்பும் துப்பாக்கியும் வேறு, தம்பி. பிடிபட்டால் முதலாளி மகனுக்குப் பேச நாலு பேர் வருவார்கள். பாஸ்போர்ட்டையே அவர்களிடம் கொடுத்துவிட்டு நிற்கிற உனக்கு யார் வருவார்? மேய்க்கப் போனவனுக்கு வேட்டை எதற்கு? நீ சுடவில்லை, சும்மா கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய் என்றே வைத்துக்கொள். படத்தில் இருப்பது உன் முகம்தானே?

கேட்கவில்லை என்றுதான் சொன்னேன், கேட்டும்விட்டேன். போகட்டும். போனில் இதற்குப் பதில் சொல்லாதே. அந்தப் படம் வேறு யாரிடமாவது இருந்தால் அழிக்கச் சொல்.

முதலாளி மகன் மறுபடி வேட்டைக்குக் கூப்பிட்டால் முகத்துக்கு நேரே மறுக்காதே, சின்ன வயசு, ரோஷப்படுவான். சினையாடு இரண்டு இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று சொல். அதையும் உன் முதலாளி கஃபீல் காதில் விழுகிற மாதிரிச் சொல். ஆட்டுக்கு ஒன்று என்றால் அவரே மகனை அதட்டுவார்.

இப்படிக்கு,
அப்பா